160 ஏக்கர், ஐந்து ஆண்டு: அமெரிக்கப் புல்வெளியில் குடியேறிய பெண்ணின் வாழ்க்கை எப்படி நடந்தது?

“அந்தக் காலத்தில் அமெரிக்காவில் நிலத்தைச் சும்மா கொடுத்தார்கள். போய் வேலி போட்டவனுக்கு அது சொந்தம்.” பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள். கூடவே ஒரு படமும் மனதில் வருகிறது. துணிக்கூரை போட்ட வண்டி, ஏர் பிடிக்கும் கணவன், பக்கத்தில் தொப்பி அணிந்து கையில் குழந்தையோடு நிற்கும் மனைவி. பேச்சும் தவறு, படமும் தவறு. நிலம் சும்மா வரவில்லை. அந்தப் பெண்ணும் சும்மா நிற்கவில்லை. முதல் சில ஆண்டுகள் குடும்பம் பட்டினி கிடக்காமல் தாக்குப்பிடித்ததற்குப் பல இடங்களில் அவள் கையே காரணம்.

அது எப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். இடம், வட அமெரிக்காவின் நடுப்பகுதி: கான்சஸ், நெப்ராஸ்கா, டகோட்டா. மிசௌரி ஆற்றுக்கு மேற்கே ராக்கி மலைவரை விரியும் மரமில்லாத புல்வெளி இது. இதைப் பிரெய்ரி என்பார்கள். காலம், 1863 முதல் 1910-கள் வரை.

தவணை முறையில் நிலம்

தவணையில் இருசக்கர வண்டி வாங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி முதல் நாளே கைக்கு வந்துவிடும், ஓட்டலாம். ஆனால் கடைசித் தவணை கட்டும்வரை ஆர்.சி. புத்தகத்தில் கடன் கொடுத்தவர் பெயரும் இருக்கும். நடுவில் தவணை நின்றால் வண்டி போய்விடும். குடியேறுவோருக்கு அமெரிக்க அரசு நிலம் கொடுத்த ஹோம்ஸ்டெட் திட்டமும் ஏறக்குறைய இப்படித்தான். இங்கே தவணையாகக் கட்டியது பணத்தை அல்ல, குடியிருப்பையும் உடல் உழைப்பையும்.

ஆபிரகாம் லிங்கன் 1862 மே 20 அன்று கையெழுத்திட்ட சட்டம் இது. 1863 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசு நிலத்தில் 160 ஏக்கரைத் தேர்ந்தெடுத்து, நில அலுவலகத்தில் எழுதிக்கொடுக்க வேண்டும். இதற்குப் பதிவு என்று பெயர். பிறகு அந்த நிலத்திலேயே வீடு கட்டி, ஐந்து ஆண்டு குடியிருந்து, பயிர் செய்ய வேண்டும். ஐந்தாண்டு முடிந்ததும் இதையெல்லாம் செய்தோம் என்று சாட்சிகளோடு காட்ட வேண்டும். இது நிரூபணம். அதன்பிறகு அரசு கொடுக்கும் உரிமைப் பத்திரத்தைப் பட்டயம் என்போம், நம் ஊர் பட்டா மாதிரி. பதிவுக்கு 10 டாலர், முகவருக்கு 2 டாலர், கடைசியில் 6 டாலர், ஆக மொத்தக் கட்டணம் 18 டாலர்.

காத்திருக்க முடியாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி இருந்தது. ஆறு மாதம் குடியிருந்துவிட்டு ஏக்கருக்கு 1.25 டாலர் வீதம் 200 டாலர் கட்டினால் நிலம் உடனே சொந்தமாகும். 1912-இல் ஐந்து ஆண்டு மூன்றாகக் குறைந்தது.

18 டாலர்தானே என்று தோன்றும். இங்கேதான் பலர் கணக்கில் தவறினார்கள். எருதுகள், கலப்பை, இரும்பு அடுப்பு, விதை, முதல் அறுவடைவரை சாப்பாடு என்று சேர்த்தால் கையில் சில நூறு டாலர் வேண்டும். கன்னிப் புல்வெளியை உழுவதும் லேசுப்பட்ட வேலை இல்லை. புல்லின் வேர்கள் கயிற்றுப் பின்னல்போல் மண்ணைப் பிடித்திருக்கும். பல ஜோடி எருது பூட்டி உழுதாலும் ஒரு நாளில் ஓரிரு ஏக்கர்தான் பிளக்கும். முதல் ஆண்டு அந்தப் பிளந்த மண்ணில் கோடரியால் கொத்தி, பிளவுக்குள் சோள விதை போட்டு, காலால் மிதித்து மூடுவார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்தான் இதைச் செய்தார்கள். மகசூல் சொற்பம். வேர் மக்கி மண் இளகிய பிறகே நிலம் சரியாக விளையும்.

நிலம் காலியாகக் கிடந்தது என்பதும் உண்மை இல்லை. பாவ்னி, ஒமாஹா, லக்கோட்டா, செயென் முதலிய பூர்வகுடி மக்களிடமிருந்து ஒப்பந்தத்தாலும் மிரட்டலாலும் படையாலும் பறிக்கப்பட்ட நிலம் அது. அங்கே விவசாயமும் புதிதல்ல. பாவ்னி, மாண்டன், ஹிடாட்சா பெண்கள் பல தலைமுறையாக ஆற்றோர வண்டலில் மக்காச்சோளமும் பூசணியும் அவரையும் பயிரிட்டு, தரையில் ஆழக் குழி தோண்டி விளைச்சலைச் சேமித்தவர்கள். பாவ்னி மக்கள் 1870-களின் நடுவில் நெப்ராஸ்காவை விட்டே தெற்கே அனுப்பப்பட்டார்கள். குடியேறிய பெண்ணின் கதையை இந்த இழப்பை மறைத்துவிட்டுச் சொல்வது நியாயமில்லை.

இதுவரை பார்த்தது: பதிவு, ஐந்தாண்டுக் குடியிருப்பு, நிரூபணம், பட்டயம். கட்டணம் குறைவு, உழைப்பும் முதலீடும் அதிகம். முதல் சில ஆண்டு வயலை நம்ப முடியாது.

குடும்பத் தலைவர் யார்?

ரேஷன் அட்டையில் குடும்பத் தலைவர் என்று ஒரு பெயர் இருக்கும் அல்லவா? ஹோம்ஸ்டெட் சட்டமும் அதே சொல்லைத்தான் பிடித்துக்கொண்டது. விண்ணப்பிப்பவர் குடும்பத் தலைவராகவோ 21 வயது நிறைந்தவராகவோ இருக்க வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை இருக்க வேண்டும், அல்லது குடியுரிமை பெறப்போவதாக அறிவித்திருக்க வேண்டும். ஆணாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

ஆகவே 21 வயதான மணமாகாத பெண் தன் பெயரில் நிலம் பதியலாம். விதவை பதியலாம். மணவிலக்குப் பெற்றவளும், கணவனால் கைவிடப்பட்டவளும் பதியலாம். கணவனோடு வாழும் பெண் மட்டும் பதிய முடியாது, ஏனென்றால் தலைவர் அவன். திருமணத்துக்கு முந்தைய நாள் உரிமையுள்ளவளாக இருந்தவள் அடுத்த நாள் புதிதாக நிலம் பதியும் தகுதியை இழந்தாள். கணவன் நடுவில் இறந்துவிட்டால், மீதி ஆண்டுகளைக் குடியிருந்து முடித்து நிரூபிக்கும் உரிமை விதவைக்கு உண்டு.

இந்த வாய்ப்பைப் பயன்படுத்திய பெண்கள் கொஞ்சம் பேர் இல்லை. சில மாவட்டங்களின் பழைய பதிவேடுகளைப் புரட்டிய ஆய்வாளர்கள், ஏறக்குறைய பத்துப் பதிவில் ஒன்று தனிப் பெண் பெயரில் இருப்பதைக் கண்டார்கள். நெப்ராஸ்காவின் கஸ்டர் மாவட்டத்தில் கிறிஸ்மன் சகோதரிகள் நால்வர், சாலமன் புட்சர் என்ற புகைப்படக்காரர் 1886-இல் எடுத்த படத்தில் மண்வீட்டு வாசலில் நிற்கிறார்கள். மூத்தவர்கள் தத்தம் பெயரில் நிலம் பதிந்தார்கள். குடியிருப்பு விதி ஒவ்வொருவரையும் அவரவர் நிலத்தில் இருக்கச் சொல்லும். தனியாக இருக்கவும் முடியாது. அதனால் ஒருவர் வீட்டில் சில நாள், அடுத்தவர் வீட்டில் சில நாள் என்று முறைவைத்துச் சேர்ந்தே தங்கினார்கள்.

எல்லைக்கு வடக்கே கனடாவில் நிலைமை வேறு. அங்கே 1872-இல் இதே மாதிரி சட்டம் வந்தது, அங்கும் 160 ஏக்கர்தான். ஆனால் 1876 முதல் மணமாகாத பெண்ணுக்கு அது கிடைக்கவில்லை. மைனர் குழந்தைகள் உள்ள விதவை போன்ற சிலருக்கே வாய்ப்பு. ஜார்ஜினா பின்னி கிளார்க் என்ற ஆங்கிலேயப் பெண் 1905-இல் சஸ்காட்செவனில் தன் பணத்தைப் போட்டு நிலம் வாங்கிக் கோதுமை விளைவித்தார். பக்கத்து ஆண்களுக்குக் கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைத்த நிலத்துக்குத் தான் மட்டும் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்று தலைநகர் ஒட்டாவா வரை போய் வாதாடினார். சட்டம் அசையவில்லை.

தனிமையைக் கொண்டுவந்தது நில அளவை

நம் கிராமத்தில் வீடுகள் ஒரே இடத்தில் நெருங்கி இருக்கும், வயல்கள் சுற்றிலும் பரந்திருக்கும். காலையில் வயலுக்குப் போய் மாலையில் ஊருக்குத் திரும்புவோம். பிரெய்ரியில் இது நடக்காது. நிலத்தை ஒரு மைல் சதுரங்களாக அளந்து வைத்திருந்தார்கள். ஒரு சதுரம் 640 ஏக்கர். அதை நான்காக வெட்டினால் 160. அதாவது ஒவ்வொரு பங்கும் அரை மைல் நீளம், அரை மைல் அகலம், கிட்டத்தட்ட 800 மீட்டருக்கு 800 மீட்டர். வீடு அந்தப் பங்குக்குள்ளேயே இருந்தாக வேண்டும். எல்லோரும் நடுவில் வீடு கட்டினால், எல்லாப் பங்கிலும் ஆள் வந்த பிறகும்கூட அடுத்த வீடு அரை மைல் தள்ளித்தான் இருக்கும். தொடக்க ஆண்டுகளில் பாதிப் பங்குகள் காலி, ஆகவே மூன்று நான்கு மைலுக்கு ஆள் நடமாட்டமே இல்லாத இடங்கள் உண்டு.

பிரெய்ரிப் பெண்களின் தனிமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் காற்றையும் வெளியையும் மட்டும் சொல்வார்கள். அளவைக் கோடுதான் அதன் முதல் காரணம் என்று எனக்குப் படுகிறது. அப்போது வாழ்ந்தவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. உறவினர்களும் தோழிகளும் அடுத்தடுத்த பங்குகளை எடுத்து, நான்கு பங்குகள் சந்திக்கும் மூலையில் நான்கு வீடுகளையும் கட்டிக்கொண்டார்கள். இரண்டு பங்குகளின் எல்லைக் கோட்டின்மேலேயே ஒரே வீட்டைக் கட்டி, ஆளுக்கொரு பக்கம் படுக்கையைப் போட்டவர்களும் உண்டு. சட்டத்தின் சொல்லும் மீறப்படவில்லை, பேச்சுத் துணையும் கிடைத்தது.

பிரசவத்தில் இந்த அரை மைலின் கனம் தெரியும். மருத்துவர் நகரத்தில் இருப்பார். வலி கண்டதும் குதிரையில் ஆள் போய்ப் பக்கத்துப் பங்கிலிருந்து அனுபவமுள்ள பெண்ணைக் கூட்டிவர வேண்டும். அந்த உதவிக்குக் கூலி கிடையாது. அடுத்தவள் பிரசவத்துக்கு இவள் போவாள், அவ்வளவுதான்.

மண்பாள வீடு

மரம் இல்லாத ஊரில் எதைக் கொண்டு வீடு கட்டுவது? நிலத்தையே வெட்டி எடுத்துக் கட்டினார்கள். புல், வேர், மண் மூன்றும் சேர்ந்த கட்டியை மண்பாளம் என்று அழைப்போம். நம் ஊரில் பச்சைச் செங்கல் அறுக்கிறோமே, அதோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புரியும். செங்கலுக்கு மண்ணைக் குழைத்து, அச்சில் வார்த்து, காயவைக்க வேண்டும். மண்பாளத்தில் புல்வேரே மண்ணைக் கட்டிப் பிடித்திருக்கும், அச்சு வேண்டாம், காயவும் வேண்டாம்.

வேலை இப்படிப் போகும். மழை பெய்து ஈரம் இருக்கும்போது, புல் அடர்ந்த மேட்டில் இதற்கென்றே உள்ள கலப்பையால் ஓர் அடி அகலம், நான்கு அங்குலத் தடிமனில் நீளமான பட்டைகளாக மண்ணைச் சீவுவார்கள். பட்டையை மண்வெட்டியால் இரண்டடி நீளத் துண்டுகளாக நறுக்குவார்கள். ஒரு துண்டு சுமார் 22 கிலோ. அன்றைக்கு அடுக்க முடிகிற அளவுக்கே அன்றைக்கு உழ வேண்டும். மிச்சம் வைத்தால் மறுநாள் வெயிலில் உலர்ந்து, தூக்கும்போதே உதிர்ந்துவிடும்.

புல் பக்கம் கீழே இருக்கும்படி, இரண்டு பாளங்களைப் பக்கம்பக்கமாக வைத்து இரண்டடித் தடிமனில் சுவர் எழுப்புவார்கள். ஒவ்வொரு மூன்றாவது வரிசையையும் குறுக்காக வைத்தால் இரண்டு அடுக்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். 16 அடிக்கு 20 அடி வீடு, 7 அடி உயரச் சுவர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 1,500 பாளம் வரும். எடை 30 டன்னுக்கு மேல். அத்தனையும் மனிதக் கையால் தூக்கி வைத்தது.

கதவு, சன்னல் சட்டங்களுக்கு மேலே நான்கைந்து அங்குலம் இடைவெளி விட்டு, அதைக் கந்தைத் துணியாலும் புல்லாலும் அடைப்பார்கள். இதை மறந்தவர்கள் சில மாதங்களில் வருந்தினார்கள். மண்பாளச் சுவர் தன் எடையாலேயே அமுங்கி இறங்கும். இடைவெளி இல்லாவிட்டால் அந்த எடை சட்டத்தின்மேல் உட்கார்ந்து கண்ணாடி உடையும், கதவு திறக்காது.

சுவர் நல்ல சுவர்தான். இரண்டடி மண் கோடையின் சூட்டை உள்ளே விடாது, குளிர்காலத்தில் அடுப்பின் சூட்டை வெளியே விடாது. தொல்லை எல்லாம் கூரையில். நடுவில் ஒரு நீளக் கட்டை, அதன்மேல் வரிச்சு, அதன்மேல் வில்லோ மரக் கிளைகள், மேலே மறுபடி மண்பாளம். பெருமழை பெய்தால் இந்தக் கூரை பஞ்சுபோல் நீரைக் குடித்துக்கொள்ளும். மழை விட்டு வெளியே வெயில் அடிக்கும்போதும் உள்ளே இரண்டு மூன்று நாளைக்குச் சேற்றுநீர் சொட்டும். அடுப்பில் ரொட்டியும் குழம்பும் கெடாமல் இருக்க, குடை பிடித்துக்கொண்டு சமைத்த பெண்கள் உண்டு. காய்ந்த காலத்தில் சொட்டுவது மண். அதோடு எலி, சில சமயம் பாம்பும் விழும். அதனால்தான் உட்கூரையில் மெல்லிய பருத்தித் துணியை இழுத்துக் கட்டினார்கள். துணி நிறைந்து தொங்கியதும் அவிழ்த்து உதறி, துவைத்து, மறுபடி கட்டுவது வீட்டுப் பெண்ணின் வேலை.

சுவரின் உட்புறத்தை மண்வெட்டியால் வழவழப்பாகச் செதுக்கி, களிமண் பூசி, சுண்ணாம்பு கிடைத்தால் வெள்ளையடிப்பார்கள். மண்தரையில் நீர் தெளித்து, பெருக்கி, இறுக்குவார்கள். இரண்டடி ஆழமுள்ள சன்னல் மாடத்தில் டப்பாக்களில் ஜெரேனியம் பூச்செடி வளர்ப்பது பரவலான வழக்கம். புட்சர் எடுத்த இன்னொரு படத்தில் ஒரு குடும்பம் வெட்டவெளியில், காற்றால் இயங்கும் ஆர்கன் இசைக்கருவியைச் சுற்றி நிற்கிறது. கிழக்கே இருக்கும் உறவினருக்கு ஆர்கனைக் காட்ட வீட்டுக்காரிக்கு ஆசை. மண்வீட்டைக் காட்ட மனமில்லை. அதனால் ஆர்கனையே தூக்கி வெளியில் வைத்துப் படம் எடுத்தார்கள்.

மண்வீட்டுக்கும் முந்தைய நிலை குழிவீடு. மேட்டின் சரிவைக் குடைந்து, முன்பக்கம் மட்டும் சுவர் வைத்தது. கான்சஸில் நிக்கோடீமஸ் என்ற ஊரை, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1877-இல் நிறுவினார்கள். அடுத்த ஆண்டு கென்டக்கியிலிருந்து கணவரோடு அங்கே வந்து சேர்ந்தார் வில்லியானா ஹிக்மன். ஊர் எங்கே என்று தேடினார். தரையிலிருந்து ஆங்காங்கே புகை எழும்புவதைக் கணவர் காட்டி, அதுதான் ஊர் என்றார். மக்கள் எல்லோரும் குழிவீடுகளில் இருந்தார்கள். அதைப் பார்த்ததும் அழுதுவிட்டதாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். ஆனாலும் திரும்பிப் போய்விடாமல் அந்தப் பகுதியிலேயே குடியமர்ந்தார்.

எரிக்க எது, குடிக்க எது

விறகு இல்லை. வறட்டி உண்டு, ஆனால் தட்ட வேண்டியதில்லை. காட்டெருமைகள் மேய்ந்த வெளியில் அவற்றின் சாணம் தானாகக் காய்ந்து வட்டவட்டமாகக் கிடந்தது. சாக்கை எடுத்துக்கொண்டு பொறுக்க வேண்டியதுதான். புகையும் நாற்றமும் குறைவு. ஆனால் விறகைப்போல் நின்று எரியாது, சீக்கிரம் தீர்ந்து சாம்பல் மலைபோல் குவியும். காட்டெருமைகளைக் கொன்று தீர்த்த பிறகு மாட்டுச் சாணம், சோளக் கட்டை, சூரியகாந்தித் தண்டு என்று பார்த்தார்கள். அதுவும் போதாதபோது வைக்கோல் பிரி திரிப்பதுபோல் காய்ந்த புல்லை இறுக்கமாகத் திரித்து, இரண்டாக மடித்து முடிந்து அடுப்பில் போட்டார்கள். ஒரு முடிச்சு சில நிமிடமே எரியும். கடுங்குளிர் நாளில் ஒருவர் திரிக்க, ஒருவர் அடுப்பில் போட என்று இரண்டு பேரின் பொழுது இதற்கே போய்விடும்.

தண்ணீர் இடத்துக்கு இடம் மாறும். ஆற்றுப் பள்ளத்தில் 20 அடியில் ஊறும். மேட்டு நிலத்தில் 200 அடி தோண்ட வேண்டியிருந்தது. கையால் தோண்டும் கிணற்றில் இரண்டு ஆபத்து. ஒன்று, மண் சரிவு. இன்னொன்று, அடியில் தேங்கும் நச்சுக்காற்று. இறங்கும் முன் மெழுகுவத்தியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். அது அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. கிணறு வாய்க்கும்வரை பீப்பாயில் வண்டி கட்டித்தான் நீர் கொண்டுவர வேண்டும்.

இந்தத் தண்ணீர்க் கணக்கைச் சலவையோடு சேர்த்துப் பாருங்கள். ஒருமுறை துவைத்து, கொதிக்கவைத்து, அலச மட்டும் ஏறக்குறைய 190 லிட்டர் வேண்டும். அத்தனையும் இறைத்து, சுமந்து, சூடாக்கி, பிறகு வெளியே கொட்ட வேண்டும். கிணற்று நீர் பல இடங்களில் கடினநீர். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்பது நமக்குத் தெரிந்ததுதான். நீரில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து அழுக்குத் திரையாக மிதக்கும். அதனால் சோப்பு போடுவதற்கு முன் நீரில் கொஞ்சம் காரநீரைக் கலந்து, மேலே திரளும் கசடை வழித்தெடுப்பார்கள்.

காரநீர் என்பது மரச் சாம்பலில் நீர் ஊற்றி வடித்தெடுத்த அரிக்கும் திரவம். சோப்பும் இதிலிருந்துதான் வந்தது. காரநீரை மாட்டுக் கொழுப்போடு சேர்த்துக் காய்ச்சினால் கொழுப்பு உடைந்து சோப்பாகும். பதம் பார்க்க ஒரு முட்டையை மிதக்கவிடுவார்கள். முட்டையின் மேல்புறம் ஒரு நாணயம் அளவுக்கு வெளியே தெரிந்தால் சரியான கெட்டி. முட்டை மூழ்கினால் காரம் போதாது, சோப்பு எண்ணெய்ப் பிசுக்காகவே நிற்கும். அதிகம் எழும்பினால் காரம் மிஞ்சி, துவைக்கிற கையைத் தின்றுவிடும். சாம்பலுக்கு நல்ல மரம் இல்லாத பிரெய்ரியில், வசதி வந்ததும் டப்பாவில் விற்ற காரத்தை வாங்கினார்கள்.

வெண்ணெயும் முட்டையும் கொடுத்த பணம்

முதல் சில ஆண்டு வயல் சரியாக விளையாது என்று பார்த்தோம். அப்படியானால் சர்க்கரை, காப்பி, துணி, மண்ணெண்ணெய், விதை எல்லாம் எதைக் கொடுத்து வாங்கினார்கள்? பெரும்பாலும் வெண்ணெயையும் முட்டையையும் கொடுத்துத்தான். கணவன் கோதுமை விற்றுப் பணம் பார்ப்பது ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் விளைந்தால். மனைவி வாராவாரம் கடைக்கு வெண்ணெய் அனுப்பினாள். கடைக்காரர் காசு தராமல், அவள் கணக்கில் வரவு எழுதிச் சரக்குத் தந்தார். கடையின் ஐந்தொகையில் குடும்பம் மூழ்காமல் நின்றது இந்த வரவினால்தான்.

நாம் தயிரைக் கடைகிறோம். அவர்கள் பாலாடையைக் கடைந்தார்கள். பாலை அகலமான தட்டுகளில் ஊற்றி, குளிர்ந்த இடத்தில் ஒரு நாள் வைத்தால் கொழுப்பு மேலே மிதந்து வரும். அதை வழித்துச் சேர்த்து, லேசாகப் புளித்ததும் உயரமான தாழியில் ஊற்றி, மூடியின் துளைவழியே கழியை மேலும் கீழுமாக இடிப்பார்கள். பாலில் கொழுப்பு மெல்லிய உறை போர்த்திய சிறு உருண்டைகளாக மிதக்கிறது. இடிக்கும்போது உறை கிழிந்து, உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். இதற்கு 15 முதல் 17 டிகிரி செல்சியஸ் சூடு சரியாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்திருந்தால் கொழுப்பு கெட்டியாகி ஒட்டாது, எவ்வளவு இடித்தாலும் திரளாது. சூடேறினால் வெண்ணெய் எண்ணெய்போல் குழைந்துவிடும். அதனால் கோடையில் விடியும் முன்னும், குளிர்காலத்தில் அடுப்பருகிலும் கடைந்தார்கள். சூடு சரியாக இருந்தால் அரைமணியிலிருந்து முக்கால் மணி நேர வேலை.

திரட்சி கோதுமை மணி அளவுக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் இடித்தால் மோர் உள்ளே சிக்கிக்கொள்ளும். மோரை வடித்து, குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று முறை, நீர் தெளியும்வரை அலச வேண்டும். மோர் மிச்சமிருந்தால் வெண்ணெய் சில நாளிலேயே சிக்குநாற்றம் அடிக்கும். அரைக்கிலோவுக்கு 30 கிராம் அளவில் உப்பு சேர்த்து, மரத்தட்டையால் பிசைவார்கள். கையால் பிசைந்தால் உடம்புச் சூட்டில் உருகும். 10 லிட்டர் பாலுக்குக் கிடைப்பது அரைக்கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. கற்சாடியில் அடைத்து, கிணற்றுக்குள் கயிற்றில் தொங்கவிட்டோ நிலவறையில் வைத்தோ வண்டி நகரத்துக்குப் போகும் நாள்வரை காப்பார்கள்.

கடைக்காரர்களுக்கு ஒவ்வொரு வீட்டின் வெண்ணெயும் தெரியும். மாடு காட்டு வெங்காயம் மேய்ந்திருந்தால் வாசனை காட்டிக்கொடுக்கும். சுத்தமாகச் செய்பவளின் சாடிக்கு வாடிக்கையாளர்கள் காத்திருப்பார்கள். குளிர்காலத்தில் வெண்ணெய் வெளிறிப்போகும் என்பதால் கேரட் துருவிய சாறு ஊற்றி மஞ்சளாக்குவதும் உண்டு.

சுருக்கமாக: வயல் ஆண்டுக்கு ஒருமுறை சூதாட்டம். பாலும் கோழியும் வாராந்தர வருமானம். தவணைக் காலத்தை ஓட்டியது இரண்டாவது.

ஐந்தாண்டை உடைக்கக்கூடியவை

1874 கோடையில் ராக்கி மலை வெட்டுக்கிளிகள் கான்சஸ், நெப்ராஸ்கா, டகோட்டா முழுவதும் இறங்கின. வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி உடைந்ததுபோல, சோளம் கதிர் பிடித்த சமயம். பெண்கள் ஓடிப்போய்ப் போர்வைகளையும் பழந்துணிகளையும் தோட்டத்தின்மேல் விரித்தார்கள். பூச்சிகள் துணியையும் தின்று உள்ளே போயின. வெங்காயத்தைத் தரைக்குள்ளேயே குடைந்து தின்றதில் குழி மட்டும் மிஞ்சியது. அவை விழுந்த கிணற்று நீர் குடிக்க முடியாமல் போனது. அவற்றைத் தின்ற கோழியின் இறைச்சியிலும் அந்த நாற்றம். அவை இட்ட முட்டைகள் அடுத்த வசந்தத்தில் பொரிக்கும் என்பதால் மறு ஆண்டும் பயம் நீங்கவில்லை. எத்தனையோ குடும்பங்கள் வண்டி கட்டிக் கிழக்கே திரும்பியது அப்போதுதான். இந்த வெட்டுக்கிளி இனமே 1902-க்குப் பிறகு உயிரோடு காணப்படவில்லை.

இலையுதிர்காலத்தில் காய்ந்த புல் தீப்பிடிக்கும். வீட்டைச் சுற்றிச் சற்று இடைவெளி விட்டு இரண்டு வளையமாக உழுது, நடுவில் உள்ள புல்லைக் காற்றில்லாத நாளில் முன்கூட்டியே எரித்துவிடுவதுதான் காப்பு. தீ வந்துவிட்டால் ஈரச் சாக்கால் அடித்து அணைக்க வேண்டும்.

குளிர்காலத்தில் பனிப்புயல். 1888 ஜனவரி 12 காலை இதமாக விடிந்தது. அதனால் குழந்தைகள் தடித்த மேலங்கி இல்லாமலே பள்ளிக்குப் போனார்கள். பகலில் திடீரென்று புயல் மோதி, கை நீட்டினால் கை தெரியாத அளவுக்குப் பனித்தூள் பறந்தது. 235 பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள், அவர்களில் பலர் பள்ளிக் குழந்தைகள். வீட்டுக்கும் தொழுவத்துக்கும் நடுவே கயிறு கட்டிவைக்கும் வழக்கம் ஏன் என்று இப்போது புரியும். முப்பது அடி தூரத்தில் வழி தவறி உறைந்தவர்கள் உண்டு. கணவன் ரயில் பாதை வேலைக்கோ அறுவடைக் கூலிக்கோ வெளியூர் போயிருந்தால், அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பால் கறக்கப் போவது அவள்தான். அவன் கூலிக்குப் போயிருந்த மாதங்களில் நிலத்தில் குடியிருப்பு அறுந்துவிடாமல் காத்ததும் அவள்தான்.

நிரூபண நாளின் காகிதம்

ஐந்தாண்டு முடிந்ததும் செய்தித்தாளில் அறிவிப்புக் கொடுத்து, இரண்டு அண்டை வீட்டாரைச் சாட்சியாக அழைத்துக்கொண்டு நில அலுவலகம் போக வேண்டும். அங்கே கேள்விப் படிவம் ஒன்று இருக்கும். உங்கள் குடும்பத்தில் யார் யார்? வீட்டை எப்போது கட்டினீர்கள், அளவு என்ன? எத்தனை ஏக்கர் உழுதீர்கள், எத்தனை பருவம் பயிர் செய்தீர்கள்? நிலத்தைவிட்டு எப்போதாவது வெளியே போய் இருந்தீர்களா, ஏன்? வேறு என்ன மேம்பாடு, மதிப்பு என்ன?

சுமார் 16 லட்சம் பேர் இப்படிப் பட்டயம் வரை போனார்கள். பதிந்தவர்களில் இன்னொரு பெருங்கூட்டம் நடுவிலேயே விட்டுவிட்டது. படிவங்கள் வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. வாரிசுகள் நகல் கேட்டு வாங்குகிறார்கள்.

அப்படி ஒரு படிவம் கையில் கிடைத்தால், மேலே உள்ள பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல் கடைசிக் கேள்வியின் பதிலைப் படியுங்கள். மண்வீடு, 16-க்கு 20. கிணறு. நிலவறை. கோழிக்கூடு. பழமரக் கன்றுகள். உழுத நிலத்துக்குப் பக்கத்தில், டாலர் மதிப்போடு வரிசையாக எழுதியிருக்கும். கையெழுத்துப் பெரும்பாலும் கணவனுடையது. மனைவியின் பெயர், குடும்பத்தில் யார் யார் என்ற கேள்விக்கான பதிலில் “மனைவி, மூன்று குழந்தைகள்” என்ற அளவில்கூட நின்றிருக்கலாம். நிலவறையில் இருந்த சாடிகளும் கோழிக்கூட்டின் முட்டைகளும் அந்த ஐந்து ஆண்டில் எத்தனை மூட்டை மாவாக மாறின என்று படிவம் கேட்கவில்லை.